இரண்டு பேரின் சண்டைக்கு எட்டுப் பேரின் வீட்டைப் பூட்டலாமா?

டித்வா புயல் கொண்டுவந்து போட்ட சேற்றை நாம் வீடுகளுக்குள்ளிருந்து வாளி வாளியாக அள்ளிக்கொண்டிருந்த நாட்களில், நமக்கு வரவேண்டிய ஒரு நிவாரண விமானத்தைப் பற்றி இரண்டு தலைநகரங்கள் வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. அந்த நேரம் மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. அதனால் பலருக்கு இது தெரியாமலே போய்விட்டது.

கதை இதுதான். பாகிஸ்தானிலிருந்து கொழும்புக்கு நேர்வழியில் பறக்க வேண்டுமானால் இந்திய வான்பரப்பைக் கடக்க வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து இரு நாடுகளும் மற்றவரின் விமானங்களுக்கு வானத்தைப் பூட்டி வைத்திருக்கின்றன. ஆகவே நிவாரண விமானத்துக்கு விசேட அனுமதி தேவைப்பட்டது. தங்கள் விமானம் 60 மணித்தியாலத்துக்கும் மேலாகக் காத்துக் கிடக்கிறது என்றது பாகிஸ்தான். கோரிக்கை டிசம்பர் 1 பகல்தான் வந்தது, அன்று மாலையே அனுமதி கொடுத்துவிட்டோம், இது அபத்தமான குற்றச்சாட்டு என்றது இந்தியா.

யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் இதை எழுதவில்லை. அதற்கென்றே முகநூலில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு உறுத்தியது வேறு. மலைச்சரிவில் மண்ணுக்குள் அகப்பட்டவனுக்கு மணித்தியாலக் கணக்குத்தான். 600க்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்த ஓர் அனர்த்தத்தின் நடுவில், "எங்கள் விமானம்", "எங்கள் அனுமதி" என்று இரண்டு அமைச்சுகள் அறிக்கை விட்டுக்கொண்டிருந்தன.

இரண்டு நாடுகளுமே நமக்கு உதவின, அதை மறக்கக் கூடாது. கடற்படை விழாவுக்காகக் கொழும்புக்கு வந்திருந்த இந்தியாவின் விக்ராந்த் கப்பலிலிருந்தே உடனடியாகப் பொருட்கள் இறங்கின. பிறகு மீட்புக் குழு, வைத்தியர்கள், பாலங்கள், டிசம்பர் கடைசியில் 450 மில்லியன் டொலர் உதவித் திட்டம் என்று இந்தியா செய்தது கொஞ்சமல்ல. பாகிஸ்தானின் மீட்புக் குழுவும் வந்தது. பங்களாதேஷ் அனுப்பியது. நம்மைவிடச் சின்ன நாடான மாலைதீவு டின் மீன் அனுப்பியது. அல்லாஹ் எல்லோருக்கும் நற்கூலி கொடுக்கட்டும். ஆகவே மனம் இல்லாத குறை அல்ல இது. எட்டு நாடும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து "நீ விமானத்தை அனுப்பு, நான் வானத்தைத் திறக்கிறேன், அவன் மருந்தைத் தரட்டும்" என்று பேசிக்கொள்ள ஒரு மேசை இல்லாத குறை.

சரியாகச் சொன்னால், மேசை இருக்கிறது. அதில் உட்காருவதற்குத்தான் ஆள் இல்லை.

2011 நவம்பரில் மாலைதீவின் அத்து நகரில் சார்க் உச்சி மாநாடு நடந்தது. இயற்கை அனர்த்தங்களின்போது உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று விரைந்து உதவுவதற்கென்றே அங்கு ஓர் உடன்படிக்கை கைச்சாத்தானது. நாமும் கையெழுத்து வைத்தோம், இந்தியாவும் வைத்தது, பாகிஸ்தானும் வைத்தது. சார்க்கின் அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஒன்று குஜராத்தில் இயங்குகிறது. டித்வா நாட்களில் நமது பத்திரிகைகளையும் தொலைக்காட்சிகளையும் முடிந்தவரை பார்த்தேன். அந்த உடன்படிக்கையின் பெயரைச் சொன்ன ஒருவரையும் நான் காணவில்லை.

வகுப்பில் பிராந்திய அமைப்புகள் பற்றிய பாடம் வரும்போது பிள்ளைகள் சார்க் நாடுகளின் பெயர்களைக் கடகடவென்று ஒப்புவிப்பார்கள். போன வருடம் ஒரு மாணவன் எழும்பி, "சேர், சார்க் இப்பயும் ஈக்கா?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கிற கேள்வி அல்ல அது. இருக்கிறது. கத்மண்டுவில் செயலகம் இருக்கிறது, செயலாளர் நாயகம் இருக்கிறார், வாசலில் கொடிகளும் பறக்கின்றன. ஆனால் நாட்டுத் தலைவர்கள் கடைசியாகக் கூடியது 2014 நவம்பரில். இந்த வருடம் சாதாரண தரம் எழுதப் போகும் பிள்ளைகள் அப்போது நேர்சரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சாசனத்தின்படி தலைவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும்.

சார்க் பெரியவர்களின் யோசனை அல்ல. 1980இல் இதை முன்வைத்தவர் பங்களாதேஷ் ஜனாதிபதி ஸியாவுர் ரஹ்மான். அவருடைய நாட்டுக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை. தொடக்கத்திலேயே இரண்டு பெரியவர்களுக்கும் சந்தேகம். சின்ன நாடுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து நம்மைச் சுற்றி வளைக்கப் பார்க்கின்றன என்று இந்தியா நினைத்தது. இந்தியா தன் ஆதிக்கத்துக்கு ஒரு கூட்டம் சேர்க்கிறது என்று பாகிஸ்தான் நினைத்தது. ஒரே யோசனையை இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து சந்தேகித்தார்கள். இருந்தாலும் 1981 ஏப்ரலில் வெளிவிவகாரச் செயலாளர்கள் முதன்முதலாகக் கூடினார்கள். கூடிய இடம் நமது கொழும்பு. அடுத்த மாதமே ஸியா சுட்டுக் கொல்லப்பட்டார். யோசனை சாகவில்லை. 1985 டிசம்பர் 8, டாக்காவில் ஏழு நாடுகள் கையெழுத்திட்டன. 2007இல் ஆப்கானிஸ்தான் எட்டாவதாகச் சேர்ந்தது.

பயத்தைத் தணிப்பதற்காகச் சாசனத்தில் இரண்டு விடயங்களை எழுதினார்கள். எல்லாத் தீர்மானங்களும் ஏகமனதாக எடுக்கப்பட வேண்டும். இரு நாடுகளுக்கிடையிலான பிணக்குகளும் சர்ச்சைக்குரிய விடயங்களும் பேசப்படக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆனது? சண்டையைப் பற்றி மாநாட்டில் பேச முடியாது. ஆனால் அந்தச் சண்டையைக் காரணம் காட்டி மாநாட்டுக்கு வராமல் இருக்கலாம். ஒருவர் வராவிட்டால் மாநாடே இல்லை. ஊரில் ஒரு ஜனாஸா நலன்புரிச் சங்கம் இருக்கிறது என்று வையுங்கள். அதில் இரண்டு பணக்கார அங்கத்தவர்களுக்கு வேலித் தகராறு. அவர்கள் பேசிக்கொள்ளும் வரை ஊரில் யாருடைய மையித்தையும் தூக்க மாட்டோம் என்றால் எப்படி இருக்கும்?

இந்த விளையாட்டை அவர்கள் இருவர் மட்டும்தான் ஆடினார்கள் என்றும் சொல்ல முடியாது. 1989இல் கொழும்பில் மாநாடு நடக்கவேண்டிய முறை. இந்திய அமைதிப்படை இங்கே நிற்கும்வரை நடத்த மாட்டேன் என்று பிரேமதாச நின்றார். கடைசியில் அது மாலேக்குப் போய் 1990இல்தான் நடந்தது. பிரேமதாசவின் கோபத்தில் நியாயம் இருந்தது என்பது என் அபிப்பிராயம். ஆனால் கதவைப் பூட்டும் பழக்கத்தில் நமக்கும் பங்கு உண்டு. 1999இல் கத்மண்டுவில் நடக்கவேண்டியது முஷாரபின் இராணுவப் புரட்சியோடு தள்ளிப்போய் 2002 ஜனவரியில் நடந்தது.

இப்போதைய பூட்டு 2016 செப்டெம்பரில் விழுந்தது. காஷ்மீரின் ஊரி முகாமில் தாக்குதல், இந்திய இராணுவ வீரர்கள் கொல்லப்பட்டார்கள். நவம்பரில் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்த மாநாட்டுக்கு வர மாட்டோம் என்றது இந்தியா. பங்களாதேஷ், பூட்டான், ஆப்கானிஸ்தான் பின்னாலேயே விலகின. மாநாட்டுக்கு உகந்த சூழல் இல்லை என்று நமது நாடும் அறிக்கை விட்டது. அத்தோடு சரி. பிறகு 2019 புல்வாமா. அதே வருடம் காஷ்மீரின் விசேட அந்தஸ்து நீக்கம், வர்த்தகம் நிறுத்தம். 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 அப்பாவிகள் கொலை. மூன்று யுத்தங்களைத் தாண்டி நின்ற 1960ஆம் ஆண்டின் சிந்து நதி நீர் ஒப்பந்தத்தையும் இந்தியா இடைநிறுத்தியது. பாகிஸ்தானியருக்கு சார்க் விசா விலக்கும் இல்லை என்றது. மே மாதம் நான்கு நாள் ஏவுகணைச் சண்டை.

இந்தியாவின் ஆத்திரம் பொய் என்று சொல்ல என்னால் முடியாது. மும்பையில் 2008இல் நடந்ததை யாரும் மறக்கவில்லை. பஹல்காமில் மதம் கேட்டுச் சுட்டவர்களுக்கு எந்த மார்க்கத்திலும் இடமில்லை. காஷ்மீர் மக்களின் துயரத்தைப் பேசுவதும் குற்றமல்ல. ஆனால் "பயங்கரவாதம் நிற்கும்வரை பேச்சு இல்லை" என்பது புதுடில்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் இடையிலான கொள்கை. பூட்டானின் மின்சாரத்துக்கும் மாலைதீவின் கடல்மட்டத்துக்கும் நமது மண்சரிவுக்கும் அதை ஏன் நிபந்தனையாக்க வேண்டும்? கூட்டம் கூடுவது பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் பரிசு என்று நினைப்பது, அந்தக் கூட்டத்தில் மற்ற ஆறு பேரும் இருக்கிறார்கள் என்பதை மறப்பதாகும்.

சார்க் மாநாடுகளால் என்ன கண்டோம், தேநீர் குடித்துவிட்டுப் போட்டோ எடுத்ததுதானே என்று சிலர் கேட்பார்கள். முக்கால்வாசி உண்மை. ஆனால் அந்தத் தேநீரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2001 டிசம்பரில் இந்திய நாடாளுமன்றம் தாக்கப்பட்டு, எல்லையில் இரு படைகளும் எதிரெதிரே நின்ற நேரம். 2002 ஜனவரியில் கத்மண்டு மேடையில் முஷாரப் தன் உரையை முடித்துவிட்டு வாஜ்பாயை நோக்கி நடந்துபோய்க் கைகொடுத்தார். இரண்டு வருடம் கழித்து, 2004 ஜனவரியில் இஸ்லாமாபாத்தில் சார்க் மாநாட்டுக்குப் போன இடத்தில்தான் இருவரும் சந்தித்துப் பேச்சுவார்த்தையை மீண்டும் தொடங்க உடன்பட்டார்கள். அதே மாநாட்டில்தான் தெற்காசிய சுதந்திர வர்த்தக உடன்படிக்கையும் கைச்சாத்தானது. பிணக்கைப் பேசக் கூடாது என்று சாசனத்தில் எழுதிய அமைப்புத்தான் பிணக்குக்காரர்கள் மானம் போகாமல் சந்திக்க ஒரு சாக்கையும் கொடுத்தது. இன்று அந்தச் சாக்கும் இல்லை.

நமது சமையலறைக்கு வருவோம். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது இங்கே பெரிய வெங்காயத்தின் விலை எங்கே போனது என்று இல்லத்தரசிகளைக் கேளுங்கள். பிறகு பாகிஸ்தான் வெங்காயம் சந்தைக்கு வந்தது. நமது வெற்றிலைக்குப் பெரிய வாடிக்கையாளர் பாகிஸ்தான். இந்தியாவோடு நமக்கு ஒரு தனி ஒப்பந்தம், பாகிஸ்தானோடு இன்னொரு தனி ஒப்பந்தம். இரண்டு கடைக்காரரோடும் தனித்தனியே கொப்பி போட்டுக் கடன் வாங்கும் குடும்பம் மாதிரித்தான் வாழ்க்கை ஓடுகிறது. உலக வங்கியின் கணக்குப்படி தெற்காசிய நாடுகளின் மொத்த வர்த்தகத்தில் தங்களுக்குள் நடப்பது வெறும் 5 வீதம் அளவில்தான். தென்கிழக்காசியாவின் ஆசியான் நாடுகளுக்குள் அது 25 வீதம் அளவில். உலகச் சனத்தொகையில் நான்கில் ஒரு பங்கு வாழும் பிராந்தியம் இது. பக்கத்து வீட்டில் விளைவதைக் கடல் தாண்டி வாங்குகிறோம்.

சார்க் வேண்டாம், பிம்ஸ்டெக் இருக்கிறதே என்று கொழும்பில் சில அறிஞர்கள் சொல்கிறார்கள். நல்லது, அதிலும் இருப்போம். 1997இல் அதைத் தொடங்கிய நாடுகளில் நாமும் ஒருவர், 2022இல் அதன் மாநாட்டையும் நடத்தினோம். ஆனால் அதில் பாகிஸ்தான் இல்லை என்பதை மட்டும் பார்ப்பவர்கள், மாலைதீவும் இல்லை என்பதைப் பார்ப்பதில்லை. ஒருவரோடு கோபித்துக்கொண்டு வேறு வீடு கட்டும்போது, யாரோடும் கோபமில்லாத ஒருவன் வெளியே நிற்கிறான். மறுபக்கம், 2025 ஜூனில் சீனாவின் குன்மிங்கில் சீனா, பாகிஸ்தான், பங்களாதேஷ் மூன்றும் கூடியதும், சார்க்குக்குப் பதில் இன்னொரு கூட்டணி என்ற பேச்சு கிளம்பியது. வீட்டைப் பூட்டினால் பிள்ளைகள் அயல் வீடுகளில் படுக்கப் போவார்கள் என்பது தெரிந்த கதைதானே.

இனி, எழுதலாமா விடலாமா என்று யோசித்த ஒரு விடயம். 2025 மே மாதம் அந்த நான்கு நாளும் நமது பிள்ளைகளின் தொலைபேசிகள் எப்படி இருந்தன தெரியுமா? எந்த நாடு எத்தனை விமானத்தை விழுத்தியது என்று ஸ்கோர் போட்டுக்கொண்டிருந்தார்கள். நமது பையன்கள் சிலர் பாகிஸ்தான் கொடியை ஸ்டேட்டஸில் வைத்தார்கள். வேறு பாடசாலைப் பையன்கள் இந்தியக் கொடியை வைத்து அவர்களை ஏசினார்கள். பாகிஸ்தானையோ இந்தியாவையோ கண்ணால் காணாத பிள்ளைகள், ஒரே பஸ்ஸில் போய்வருகிறவர்கள். அந்தக் கிழமை ஓர் ஆசிரியர் கூட்டத்தில் வேறு பாடசாலைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "உங்கட ஆக்கள் என்ன சொல்றாங்க சேர், வெல்லுவாங்களா?" என்றார். என்னுடைய ஆட்கள் யார்? நான் கம்பளைப் பக்கத்தான். என் உம்மாவும் வாப்பாவும் இந்த மண்ணில்தான் அடங்கியிருக்கிறார்கள். ஆயிரம் மைல் தள்ளி நடக்கும் சண்டை ஒன்று ஒரு நிமிடத்தில் என்னை என் சொந்த நாட்டில் விருந்தாளி ஆக்கிவிட்டது. பகிடிதான், தெரியும். ஆனால் 2019க்குப் பிறகு இந்த நாட்டில் முஸ்லிமாக வாழ்கிறவனுக்கு அந்தப் பகிடி எங்கே குத்தும் என்பது இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். அந்தக் கொடியை ஸ்டேட்டஸில் வைத்த தம்பிமாருக்கும் சொல்கிறேன்: நீங்கள் உம்மத்துக்காக எதையும் செய்யவில்லை. நம்மைச் சந்தேகிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

கிரிக்கெட்டை எடுங்கள். 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் உலகக்கிண்ணப் போட்டிக்குக் கொழும்புக்கு வர மாட்டோம் என்றன. இரண்டு கிழமை கழியமுன், பெப்ரவரி 13, பிரேமதாச மைதானத்துக்கு ஓர் அணி வந்தது. இந்திய வீரர்களும் பாகிஸ்தான் வீரர்களும் கலந்த ஒரே அணி. அஸாருதீன், டெண்டுல்கர், வசீம் அக்ரம் எல்லோரும் ஒரே பக்கம். கொழும்பு பயப்படுகிற இடமல்ல என்று உலகத்துக்குக் காட்டுவதற்காக எங்களோடு விளையாட வந்தார்கள். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அதே மைதானம், 2025 ஒக்டோபர் 5, பெண்கள் உலகக்கிண்ணம். இந்திய, பாகிஸ்தான் தலைவிகள் நாணயச் சுழற்சிக்கு வந்தார்கள், கைகொடுக்காமல் போனார்கள். அவர்கள் ஒருவர் மண்ணில் ஒருவர் விளையாட மாட்டார்கள் என்பதால் நமது மைதானத்தை இரவல் கேட்கிறார்கள். மைதானத்தைக் கொடுக்கிறோம், டிக்கட் விற்கிறோம். ஒரு மாநாட்டு மண்டபத்தை ஏன் அதே மாதிரிக் கொடுக்க முடியாது?

நான் கேட்பது பெரிய சமாதானம் அல்ல. ஆசியானைப் பாருங்கள். 2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையில் அடித்துக்கொண்டன. ஆசியானின் தலைமையில் இருந்த மலேசியா நான்கு ஐந்து நாளுக்குள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தது. டிசம்பரில் மறுபடி வெடித்தது, மறுபடி கோலாலம்பூரில் வெளிவிவகார அமைச்சர்கள் கூடினார்கள். சண்டையை அடியோடு நிறுத்த அவர்களாலும் முடியவில்லை. ஆனால் அவர்கள் சண்டை பிடித்தார்கள் என்பதற்காக ஆசியான் மாநாட்டை யாரும் ரத்துச் செய்யவில்லை.

2025 டிசம்பர் 31, டாக்காவில் காலிதா ஸியாவின் ஜனாஸா. சார்க் யோசனையைத் தந்த ஸியாவுர் ரஹ்மானின் மனைவி அவர். அங்கே இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கரும் பாகிஸ்தான் தேசியப் பேரவையின் சபாநாயகர் அயாஸ் சாதிக்கும் கைகொடுத்துக்கொண்டார்கள். மே மாதச் சண்டைக்குப் பிறகு இந்த அளவில் ஒரு கைகுலுக்கல் அதுதான் என்று ஊடகங்கள் கொண்டாடின. மையித்து வீட்டில் கைகொடுக்கலாம் என்றால் மழை வெள்ளத்தைப் பற்றிப் பேசும் மேசையிலும் கொடுக்கலாம்.

இஸ்லாமாபாத்துக்கு வர மாட்டேன் என்று இந்தியா சொன்னால், கொழும்புக்கோ கத்மண்டுவுக்கோ வரச் சொல்லிக் கேட்கலாம். தலைவர்கள் வர மாட்டார்கள் என்றால் அனர்த்த முகாமைத்துவத்துக்குப் பொறுப்பான அமைச்சர்களைக் கூப்பிடலாம். புயல், மண்சரிவு, டெங்கு என்று எவரும் வீட்டோ போட வெட்கப்படும் விடயங்களோடு தொடங்கலாம். நேபாளத்தில் பனிமலை உருகுகிறது, பாகிஸ்தானில் 2022 வெள்ளத்தில் 1,700 பேருக்கு மேல் போனார்கள், மாலைதீவு கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இதைக் கேட்கும் தகுதி இன்று யாருக்காவது இருந்தால் அது நமக்குத்தான். இரண்டு பேரிடமிருந்தும் உதவி வாங்கியவர்கள் நாம், இரண்டு பேரோடும் பகையில்லாதவர்கள் நாம். நடுநிலை என்று சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பதற்கா வெளிவிவகார அமைச்சு?

எனது நண்பர் பட்டியலில் இரண்டு பாராளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறீர்கள், பிறந்தநாள் வாழ்த்துக்கு மட்டும் நன்றி போடுகிறீர்கள். அடுத்த அமர்வில் வாய்மூல விடைக்காக இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: 2011இல் அத்துவில் நாம் கைச்சாத்திட்ட அனர்த்த உதவி உடன்படிக்கையை டித்வா நாட்களில் அரசாங்கம் பயன்படுத்தக் கோரியதா, கோரியிருந்தால் எந்தத் திகதியில், யாரிடம்? பதில் வந்தால் ஹன்சார்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். வகுப்பில் தேவைப்படும்.